நல்ல காலில் டேப்

பதினைந்து வருஷமாக ஃபுட்பால்காரர்களுக்கு டேப் ஒட்டுகிறேன். நல்ல காலில் ஒட்டச் சொன்னவன் இவன் ஒருத்தன்தான்.

"வலி இடது முட்டியிலதானே? வலதுல எதுக்குப்பா?"

"டேப் இருக்கற காலாப் பார்த்துதான் சார் உதைப்பாங்க. இன்னிக்கு செலக்‌ஷன் வேற. அண்ணன்தான் இந்த யோசனையைச் சொன்னான்."

கெட்டிக்கார அண்ணன். நீல டேப்பை வலது முட்டியில் இழுத்து ஒட்டி அனுப்பினேன்.

பத்தாவது நிமிடம். பந்து எங்கோ கிடக்க, எதிர் டீமின் நாலாம் நம்பர் பாய்ந்து வந்து, டேப் இல்லாத இடது முட்டியிலேயே உதைத்தான்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவனிடம் குனிந்தேன். "நம்ம ரெண்டு பேரையும் உங்க அண்ணனையும் தவிர யாருக்கும் தெரியாதே! அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அந்த நாலாம் நம்பர்தான் சார், எங்க அண்ணன்."