மூன்று மடங்கு

முதல் அடி மூக்கில் விழுந்தது. எலும்பு உடையும் சத்தம் கேட்டதும், ஓங்கியவளுக்கே ஒரு கணம் கை கூசியது.

இரண்டாவது அடிக்குக் கூசவில்லை.

அவன் நாற்காலியோடு சாய்ந்தான். மேசைமேல் இருந்த இரண்டு கணினித் திரைகளில் ஒன்று அவன் மேலேயே கவிழ்ந்தது. மற்றதை அவள் உடைத்தாள்.

அவள் கையில் இருந்தது தம்பியின் ஹெல்மெட். ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்து சேர்ந்த ஹெல்மெட். தலையில் போட்டால் போன் சத்தம் கேட்காது என்று, அதை வண்டிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டுதான் தம்பி ஓட்டுவான்.

சாப்பாடு, மருந்து, பொட்டலம் என்று வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. வண்டி பத்து விநாடி நின்றால் போன் அலறும். நகரும்வரை அலறும். சிவப்பு விளக்கானாலும் அலறும். மூன்று முறை அலறவிட்டால் அன்றைய பிழைப்பில் மண்.

போன மாதம், நண்பகல் பன்னிரண்டரைக்கு, நாற்சந்தியில் நின்ற தம்பி அந்த அலறல் பொறுக்காமல் வண்டியை நகர்த்தினான். லாரிக்காரன் மேல் தப்பில்லை. அவனுக்குப் பச்சை.

பிணவறையில் பைக்குள் போட்டுக் கொடுத்த போன், அவள் கையிலேயே அலறியது. தம்பி நின்றுவிட்டானாம். நகரச் சொன்னது.

நிறுவனம் பதவிசாகக் கைகழுவியது. 'அந்த எச்சரிக்கை ஒலிக்கான மென்பொருளை எழுதியது எங்கள் ஆள் இல்லை. வெளியில் தனியாகத் தொழில் செய்கிற ஒருவர்' என்று விசாரணையில் பெயரையும் முகவரியையும் எடுத்துக் கொடுத்துவிட்டது.

அந்த ஒருவர்தான் இப்போது மேசைக்கடியில் ஊர்ந்துகொண்டிருந்தார்.

"ஒரு வேலை கொடுக்கணும்" என்று சொல்லித்தான் கதவைத் தட்டியிருந்தாள். வாயெல்லாம் பல்லாக உள்ளே கூப்பிட்டான். அந்தப் பல்லில் இரண்டு தரையில் கிடந்தன.

"அக்கா... போதும்க்கா..."

"அந்த வாயால அக்கான்னு கூப்பிடாத. கூப்பிட்டவன் போயிட்டான்."

கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். தடுக்க வந்த கையின் மேல் ஒன்று. தோளில் ஒன்று. உள்ளே எதுவோ நழுவியது. நாய்க்குட்டி மாதிரிக் கத்தினான்.

"அத எழுத எவ்வளவு வாங்கின? சொல்லு. என் தம்பிக்கு என்ன வெல வெச்ச?"

ரத்தத்தை விழுங்கிக்கொண்டு சொன்னான்.

"நான் ஒத்த ஆளு. மாசச் சம்பளம் கெடயாது. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா அடுத்த தடவ கூப்பிட மாட்டாங்க. அதனால பிடிக்காத வேலைன்னா வெலைய ஏத்திடுவோம். அவங்களே ஓடிடுவாங்க. இது எனக்குப் பிடிக்கல. சத்தியமா பிடிக்கல. வழக்கமா கேக்கறத விட மூணு மடங்கு கேட்டேன். ஒரே நிமிஷத்துல சரின்னுட்டாங்க."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

இந்த வித்தை அவளுக்குத் தெரியும். பெற்றவர்கள் போன பிறகு, தையல் மெஷினை மிதித்துத்தான் தம்பியை ஆளாக்கினாள். நைந்த திரைச்சீலையைத் தூக்கிக்கொண்டு வந்து, மகளுக்கு இதில் ஒரு கவுன் தைத்துக் கொடு என்று நிற்பார்கள். முடியாது என்றால் நல்ல துணியும் வராது. 'கூடுதலா ஆகுமே' என்று இழுத்தால் போதும், சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள். எப்போதாவது ஒருத்தி சரி என்று வைத்துவிட்டுப் போய்விடுவாள். சொன்ன வாய்க்குத் தைத்துத்தான் ஆகவேண்டும்.

அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தாள். தம்பி வயதுதான் இருக்கும். கழுத்துப்பட்டை கிழிந்த சட்டை. நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடுகிற அறை. கட்டில் விளிம்பே அவனுக்குச் சாப்பாட்டு மேசை.

கட்டில்மேல் கிடந்த துண்டை எடுத்து அவன்மேல் எறிந்தாள்.

"மூக்குல வெச்சு அழுத்து. ஆஸ்பத்திரிக்குப் போ. யாரு அடிச்சதுன்னு கேட்டா, செத்தவனோட அக்கான்னு சொல்லு. நான் வீட்லதான் இருப்பேன்."

கதவைத் திறந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. வாசற்படியில் ஒரு கால் வைத்தவள், தொழில்காரி தொழில்காரனைக் கேட்பதுபோல, திரும்பாமலே கேட்டாள்.

"இன்னும் கூடக் கேட்டிருந்தா ஓடியிருப்பாங்களோ?"

அவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஒரு மாதமாக அதே அறையில் அதையே மென்றுகொண்டு கிடந்தவன். கேட்க ஓர் ஆள் கிடைத்ததும் அடக்க முடியவில்லை.

"மொதல்ல பத்து மடங்குன்னுதான் அடிச்சேன். அனுப்பறதுக்கு முன்னாடி அழிச்சிட்டு, மூணுன்னு போட்டேன்."

"ஏன்?"

"பத்துன்னா... நெசமாவே வேண்டாம்னுடுவாங்களேன்னு."

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

பிறகு, வெளியே வைத்த காலை உள்ளே எடுத்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.