ஆள் இருக்கிற கவுன்ட்டர்

"அந்த ஒரு வரியை எடுத்துடுங்க மேடம். எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

துணை கவர்னர் இப்படிச் சொன்னதும் மேசையைச் சுற்றி இருந்த கமிட்டிக்காரர்கள் சட்ட அதிகாரியைப் பார்த்தார்கள். அவளா எடுப்பாள்? மத்திய வங்கியில் அவளுக்கு வைத்திருக்கும் பெயரே 'உடும்பு மேடம்'.

நாட்டுக்கு டிஜிட்டல் பணம் வரப்போகிறது. அதற்கான சட்ட வரைவு நாளைக்கு அரசாங்கத்துக்குப் போயாக வேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது. அவள் எழுதிய ஒரே ஒரு வரிதான் இழுபறி. 'ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் மறுக்கக் கூடாது.'

"எடுக்க முடியாது சார்."

"காரணம்?"

"உலகம் இருக்கிற இருப்பைப் பாருங்க. எங்கேயோ சண்டைன்னா கடலுக்கடியில கேபிளை அறுக்கிறாங்க. நெட் போச்சுன்னா ஜனங்க எதைக் கொடுத்துச் சாமான் வாங்குவாங்க?"

"அதுக்குத்தான் நெட் இல்லாமலே வேலை செய்யற கார்டு வருதே. அடுத்தது?"

"புயல், வெள்ளம்னு வந்து கரன்ட்டே இல்லேன்னா?"

"அவசரத்துக்கு நம்ம பெட்டகத்துல நோட்டு இருக்கு, கொடுப்போம். ஆனா வருஷம் பூரா வாங்கித்தான் ஆகணும்னு கடைக்காரரைக் கட்டாயப்படுத்த நமக்கு ஏது அதிகாரம்? நோட்டு செல்லும்னு சொல்றது நம்ம வேலை. அவர் கடையை எப்படி நடத்தணும்னு சொல்றதும் நம்ம வேலையா? சட்டம் படிச்ச நீங்களே சொல்லுங்க."

நியாயமான கேள்விதான். அதுதான் அவளுக்கு எரிச்சல்.

"மெஷின் பழக்கமில்லாதவங்க இருக்காங்க சார்..."

"மெஷின் ரொம்ப சுலபம் மேடம். மூணு பாஷையில நன்றிகூடச் சொல்லுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த மனுஷன் சிரித்து யார் பார்த்திருக்கிறார்கள்? மதியச் சாப்பாட்டையே கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறவர்.

"உண்மையான காரணம் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த வரியை நானே வச்சுக்கிறேன்."

உண்மையான காரணம் அவளிடம் இருந்தது. தொண்டைவரை வந்தும்விட்டது.

அதிகாரிகள் குடியிருப்புக்கு எதிரே ஒரு கடை. உள்ளே வரிசையாக மெஷின்கள். ஓரத்தில் ஆள் இருக்கிற கவுன்ட்டர் ஒன்றே ஒன்று. ரொக்கம் கொடுப்பவர்களுக்கு மட்டும்தான் அது. கார்டை நீட்டினால் மெஷின் பக்கம் போகச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கவுன்ட்டரில் இருக்கிற பெண் தினமும் கேட்பாள், "என்னக்கா, முகம் வாடியிருக்கு?"

புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று. மகள் வெளிநாட்டோடு சரி. அப்படிக் கேட்க அவளுக்கு வேறு நாதியில்லை. இதற்காகவே ஒரு நாள் பிரெட், மறுநாள் பிஸ்கட் என்று பிரித்துப் பிரித்து வாங்குவாள். "சட்டம் வந்துட்டா ரொக்கம் வாங்க வேண்டியதில்லையாம், இந்தக் கவுன்ட்டரைத் தூக்கிடுவாராம் முதலாளி" என்று போன வாரம் அந்தப் பெண் சொன்னதிலிருந்து தூக்கம் போய்விட்டது.

இதையா இங்கே சொல்வது? 'என்கிட்ட பேச ஆளில்லை சார், அதனால நாட்டுக்கு ஒரு சட்டம் போடுங்க' என்றா? மானம் கப்பலேறிவிடும்.

"வேற காரணம் இல்லை சார்."

அவர் பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் கோடு போட்டார். கல்நெஞ்சக்காரர்!

வழக்கமாக நன்றாக இருட்டிய பிறகுதான் கடைக்குப் போவாள். அன்று மனசு கேட்கவில்லை, ஆபீசிலிருந்து நேராகப் போனாள். சின்ன பிரெட் பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். முன்னால் ஒருவர் மட்டும்.

கவுன்ட்டர் பெண் அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணா, மறுபடியும் சோப்பா? நேத்துதானே வாங்கினீங்க? வீட்ல சோப்புக் கடை போடப் போறீங்களா?"

"தீர்ந்துபோச்சும்மா."

"ஒரே நாள்லயா! சரி, சாப்பிட்டீங்களா? இல்ல, இன்னிக்கும் பட்டினிதானா?"

"சாப்பிடுறேன், சாப்பிடுறேன். உன் பையனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

கேட்டுவிட்டுச் சிரித்தார்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரும் திரும்பினார். துணை கவர்னர்! ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் சோப்பு. சோப்பைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"மெஷின் மூணு பாஷையில நன்றி சொல்லுமே சார்?"

கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

"சொல்லும் மேடம். சாப்பிட்டியான்னு கேக்காது."

"அப்புறம் ஏன் சார் கோடு போட்டீங்க?"

"எனக்கு ஆளில்லைன்னு நாட்டுக்குச் சட்டம் போட முடியுமா? அது தப்பில்லையா? நீங்களாவது ஒரு காரணம் சொல்வீங்கன்னுதான் திரும்பத் திரும்பக் கேட்டேன். இப்படி நான் ஒருத்தன்தான்னு நினைச்சேன்."

அவர் பார்வை அவள் கையிலிருந்த பிரெட்டுக்குப் போனது. பிறகு அவளைத் தாண்டிப் போனது.

அவளும் திரும்பிப் பார்த்தாள். மெஷின்கள் எல்லாம் ஈயோட்டிக்கொண்டிருந்தன. அவளுக்குப் பின்னால் நீளமாக வரிசை நின்றிருந்தது. ஒருவர் கையில் பேட்டரி, இன்னொருவர் கையில் தீப்பெட்டி, அடுத்தவர் கையில் ஒற்றை வாழைப்பழம். யாருக்கும் அவசரம் இருப்பதாகவே தெரியவில்லை.

"வரைவு இன்னும் உங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமா சார்."

"அந்த வரியைத் திரும்பச் சேர்த்துடுங்க. கமிட்டிகிட்ட காலையில நான் பேசிக்கிறேன்."

"காரணம்னு என்ன சார் எழுத?"

"போர், புயல், கேபிள்... எல்லாத்தையும் எழுதிக்கங்க மேடம். இந்தச் சோப்பை மட்டும் எழுதிடாதீங்க."