சாய்ந்த எழுத்தில் ஒரு பெயர்

தென்காசியில் அச்சகம் வைத்திருந்த தளவாய், குற்றாலத்துச் சீசன் நோட்டீசுகளுக்கென்றே தலைப்பு கோக்க ஓர் ஈய எழுத்து வகை வாங்கிப் போட்டிருந்தான். தடித்துச் சாய்ந்து, நுனிக்கு நுனி செங்கல் பதித்ததுபோல் கட்டையான எழுத்து. ஓடுகிற பஸ்ஸிலிருந்தே ஓட்டல் பெயரை வாசித்துவிடலாம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் அவன் இன்னொருத்தியோடு கொல்லத்துக்குப் போய்விட்டான். மனைவி உலகம்மை அந்த எழுத்து முழுவதையும் உருக்கி ஈயமாக விற்றாள். பிறகு அச்சுக்கோக்கப் படித்து, அச்சகத்தையும் மகள் செண்பகவல்லியையும் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தினாள்.

அறுபத்து மூன்றில் மகளுக்குக் கல்யாணம் கூடியது. பத்திரிகையில் தகப்பன் பெயர் வேண்டாமென்று தன் பெயரை மட்டும் சாதா எழுத்தில் கோத்தாள். மெஷின் ஓட்டும் ஏசுவடியான் முதல் தாளை எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டான். தாளின் உச்சியில், அதே சாய்ந்த எழுத்தில், ‘தளவாய்’ என்றிருந்தது.

“அக்கா, இங்கன எழுத்தே இல்லயே! எப்படி விழுது?”

கோத்த சட்டத்தில் அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் விழுந்தது.

அதற்குள் உள்ளே வந்த செண்பகவல்லி ஒரு தாளை எடுத்துவிட்டாள்.

“எம்மா, அப்பா பேரயும் போட்டுட்டியா! போட மாட்டேன்னுல்லா நெனச்சேன்!”

உலகம்மை துடைத்த துணியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் மகள் தன்னைப் பார்த்து இப்படிச் சிரித்ததே இல்லை.

“ஆமாட்டி” என்றாள்.

செண்பகவல்லி தாளை முகத்தோடு ஒற்றிக்கொண்டாள். எடுத்தபோது அவள் நெற்றியில் அந்தப் பெயர் ஈர மையாக, இடவலம் மாறிப் பதிந்திருந்தது. அச்சுக்கோத்து, திரும்பிய எழுத்தையே வாசித்துப் பழகிய உலகம்மையால் அதை வாசிக்காமலிருக்க முடியவில்லை.