நாலு வரிக் கோடாலி

"உன் கைப்பக்குவத்துல ஒரு குறை சொல்ல முடியுமாம்மா!" தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார் மாமியார்.

மருமகளுக்கு உச்சி குளிர்ந்தது. மாமியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட முகம் சுளித்துப் பேசியதில்லை. சாப்பிட்ட கையோடு, "கொஞ்சம் கண்ணசர்றேன்" என்று தன் அறைக்குள் போய்விடுவார்.

அவளுடைய தலைவலி வேறு இடத்தில் இருந்தது. அவள் எழுதிய இன்டர்பிரட்டர், அதாவது ஒரு புது கம்ப்யூட்டர் மொழியின் வரிகளைப் படித்து ஓட்டும் மென்பொருள், நாளை வெளியாகிறது. சோதனைப் பதிப்பை எடுத்துக்கொண்டு, 'கோடாலி' என்ற பெயரில் எவனோ ஒருவன் தினமும் புகார்ப் பக்கத்துக்கு வந்து அதைச் சாய்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கு ஊர் பார்க்க விழுந்தால் மானம் கப்பலேறிவிடும்.

இன்றும் நாலே வரி அனுப்பியிருந்தான். ஒரு பட்டியலை அதே பட்டியலுக்குள் போட்டு, அச்சிடச் சொல்லியிருந்தான். ஓட்டிப் பார்த்தாள். இன்டர்பிரட்டர் உள்ளே போய், அதற்கும் உள்ளே போய், அதற்கும் உள்ளே போய், மூச்சு முட்டி மல்லாந்தது.

கீழே குறிப்பு வேறு: 'நுனிப்புல் மேய்ஞ்சா இப்படித்தான். வந்த வழியைக் குறிச்சு வெச்சுக்க வேணாமா?'

பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஏற்கெனவே பார்த்த பட்டியலைக் குறித்து வைத்துக்கொள்ளும்படி ஆறு வரி சேர்த்து, மறுபடி ஓட்டினாள். இந்தத் தடவை விழாமல் குத்துக்கல்லாக நின்றது!

திருத்தத்தை ஏற்றிவிட்டு, 'சரி பண்ணியாச்சு' என்று பெருமையோடு பதில் போட்டாள்.

இரண்டே நிமிஷத்தில் வந்தது: 'பார்த்தேன். விழலை. ஆனா புதுசா சேர்த்ததுல மூணாவது வரியில ஒரு இடைவெளி ஜாஸ்தி.'

அதுவரை கட்டிக்காத்த பொறுமை காற்றில் பறந்தது. படபடவென்று தட்டினாள்: 'எதுலதான் குத்தம் கண்டுபிடிக்க மாட்டீங்க? உங்க வீட்டுக்கு வாழ வந்த மருமக ரொம்பப் பாவம்!'

திரையில் பதில் வரவில்லை. பக்கத்து அறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம்தான் வந்தது.

"யாரும்மா பாவம்? எம் மருமக கெட்டிக்காரி!"