பன்னிரண்டாவது காரணம்

இன்றைக்கும் சரியாக ஏழாவது நிமிடத்தில் நின்றது.

டிரைவ்வேயில் பாதி வெளித்துவிட்டது. மறுபாதியில் முழங்கால் உயரத்துக்குப் பனி. நடுவில் நானும், ஒஷாவாவில் ஒருவரிடம் வாங்கிய, பனியை வாரி வீசும் பழைய ஸ்னோ புளோவரும். இரண்டு பேரிடமும் சத்தமில்லை.

அப்பா கராஜ் வாசலில் தேத்தண்ணிக் கோப்பையுடன் நின்றார்.

"இண்டைக்குள்ள உது ஒழுங்கா ஓடாட்டி, திங்கட்கிழமை நீ பள்ளிக்கூடம் போறாய். அதுதானே கதை?"

அதுதான் கதை. கடைசி வகுப்பில், முன்னால் வந்து நின்று ஐந்து நிமிடம் பேசச் சொன்ன நாளோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இயந்திரம் திருத்தப் பழகப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். இயந்திரங்கள் யாரையும் முன்னால் வந்து பேசச் சொல்வதில்லை. எங்கே, திருத்திக் காட்டு பார்ப்போம் என்றுதான் அப்பா இதை வாங்கித் தந்தார்.

எனக்கு எல்லாம் தெரியும். தலையணை உறைக்குள் ஒளித்துவைத்திருக்கும் கொப்பியில், அடிக்கோடு கீறித் தலைப்புப் போட்டு, இது நிற்பதற்கான பதினொரு காரணங்களை எழுதியிருந்தேன். வந்தபோது இது ஓடவேயில்லை; ஸ்பார்க் பிளக்கை மாற்றியதும் ஏழு நிமிடம் ஓடியது. பழைய பெற்றோலை வடித்தேன். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினேன். ஒரு திருகாணி மிஞ்சியது. அந்த ஆணியைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன்.

அதே கொப்பியில் அம்மாவுக்கும் அரைப் பக்கம் இருக்கிறது. இது வந்து இறங்கிய அன்று, முன்பக்கத்தில் அம்மா சந்தனப் பொட்டு வைத்துக் கும்பிட்டார். 'எஞ்சினுக்கு விளங்குவது பெற்றோல் மட்டும்' என்று எழுதினேன். நன்றாக இருக்கிறதே என்று நானே இரண்டு தரம் வாசித்தேன்.

பதினொன்றும் முடிந்துவிட்டது. அப்பா பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஏதாவது செய்வதுபோல இருக்கட்டும் என்று பெற்றோல் டாங்கின் மூடியைத் திருகினேன்.

உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது.

கயிற்றை இழுத்தேன். முதல் இழுவையிலேயே ஓடியது. மூடியை இறுக்காமலே விட்டேன். ஏழு நிமிடம். எட்டு. பதினைந்து. வீதிவரைக்கும் பனி வெளித்தது.

அந்த மூடியில் குண்டூசி அளவில் ஒரு துளை இருக்க வேண்டும். அதால் காற்றுப் போகாவிட்டால் பெற்றோல் கீழே இறங்காது. எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடி மூச்சடைத்து நிற்கும். மூடியின் நடுக்குழியில், துளைக்கு மேல் ஏதோ காய்ந்து இறுகிப்போய் இருந்தது.

அப்பா மூடியை வாங்கிப் பார்த்தார்.

"என்னது உது?"

"ஊத்தை. காத்துப் போற ஓட்டையை அடைச்சிட்டுது."

நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தார். "நல்ல வாசமான ஊத்தை."

குசினி யன்னலைத் திரும்பிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை. பாவம்."

தலையாட்டினேன்.

"முன்வீட்டு ஸ்டெபனியின்ர மெசினும் நிக்குதாம். திங்கட்கிழமை போய்க் கதவைத் தட்டிக் கேள், திருத்தித் தரட்டோ எண்டு."

ஐந்து நிமிடப் பேச்சே பரவாயில்லை போல இருந்தது.

அவர் உள்ளே போனதும் இயந்திரத்தைக் கராஜுக்குள் தள்ளினேன். அம்மாவின் பொட்டு முன்பக்கத்தில், வைத்த இடத்திலேயே, பனி பட்டும் கலையாமல் இருந்தது.

மூடியின் குழிக்குள் இருந்தது, அன்று எல்லாரும் உள்ளே போன பிறகு, கிண்ணத்தில் மிஞ்சிய சந்தனத்தில் நான் வைத்தது.

கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.