பொந்துச் சத்தம்

வலது தோள் எரிந்தது. காலையிலிருந்து மூன்றாம் மாடிக்கு மணல் சுமந்த தோள். கையைத் தூக்கித் திரையைக் காட்ட முடியவில்லை.

முகவாயால் காட்டினாள்.

"அது என்னக்கா?"

"அதுவும் வெப்சைட்டுக்கு இடம் வாடகைக்குக் குடுக்கற கம்பெனிதான். மாசம் நாப்பத்தொம்பது ரூபா." ஜெராக்ஸ் கடை நூர்ஜகான் கண்ணாடியை மேலே தள்ளினாள். "அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கான்."

அவனே போட்டுக்கொண்டதாக இருக்கும். எந்த மேஸ்திரி தன்னை மோசமான மேஸ்திரி என்று சொல்லியிருக்கிறான்.

வியாழக்கிழமை நஷ்டஈட்டு விசாரணை. இன்று திங்கள். அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

அவள் புருஷன் எட்டியப்பன் டைல்ஸ் ஒட்டுகிறவன். ஏழாவது மாடி பால்கனியில் ஒட்டும்போது சாரம் சரிந்தது. அப்படி ஒரு ஆள் எங்களிடம் வேலை செய்யவே இல்லை என்று கட்டடக் கம்பெனி எழுதிக் கொடுத்துவிட்டது. கையெழுத்து நோட்டில் அவன் பெயர் இல்லை. அவனோடு விழுந்த போன் பொடிப்பொடி.

மிச்சம் அவனுடைய வெப்சைட் மட்டும். பஸ்ஸில் போகவர வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு அவனே போட்டது. அன்றன்று ஒட்டிய தரையை அன்றன்றே போட்டோ எடுத்து ஏற்றிவிடுவான். கடைசிப் பதினொரு போட்டோவும் அந்தக் கட்டடம். ஒன்றில் கம்பெனிப் பலகை தெரிகிறது. கீழே தேதி இருக்கிறது.

அச்செடுத்துக் கொடுத்தாள். இதை நேற்றுகூடப் பொய்யாகத் தயார் செய்திருக்கலாமே என்றார் கம்பெனி வக்கீல். சரி, பக்கத்தையே திறந்து காட்டுங்கள் என்றார் அதிகாரி.

போன வாய்தாவில் அது திறக்கவில்லை.

வெள்ளைத் திரை. நடுவில் சக்கரம். அதிகாரி டீ குடித்து முடிக்கிறவரை சுற்றியது. அவர் டம்ளரை வைத்துவிட்டு அடுத்த தேதி எழுதினார்.

ஏன் என்று நூர்ஜகான்தான் சொன்னாள். வெப்சைட் இருக்கிற இடத்தில் நமக்குத் தனி வீடு கிடையாது. ஒரே கம்ப்யூட்டரில் ஐந்நூறு பேர் வாடகைக்கு இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரன் மோட்டாரைப் போட்டால் நம் குழாயில் காற்றுதான் வரும்.

புரிந்தது. அவள் இருப்பதே லைன் வீடு.

தனி வீடு வருஷத்துக்கு இருபதாயிரம். அதனால் இன்னொரு லைன் வீடு. கொஞ்சம் நல்ல லைன் வீடு.

எட்டியப்பன் ஒட்டி முடித்த தரையை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவான். அடியில் கலவை நிறைந்திருந்தால் சத்தம் கெட்டியாக வரும். இல்லாவிட்டால் பொந்துச் சத்தம். மேலே எவ்வளவு மினுக்கினாலும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

"ஒரே கேள்விக்கா. மூணு கம்பெனிக்கும் அதையே அடி."

"சொல்லு."

"என்னைக்காவது காசு கட்ட முடியலன்னா, என் சாமானை எத்தனை நாள் தூக்கி வெளிய போடாம வெச்சிருப்பீங்க?"

நூர்ஜகான் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இங்கிலீஷில் அடித்தாள். வந்ததை வந்தபடி படித்துச் சொன்னாள்.

முதல் கம்பெனி கண் மூடித் திறப்பதற்குள் பதில் சொன்னது. இன்று மட்டும் எண்பது சதவீதம் தள்ளுபடி.

கேள்வியைத் திரும்ப அனுப்பினார்கள்.

இன்று மட்டும் எண்பது சதவீதம் தள்ளுபடி.

பொந்து.

இரண்டாவது, எங்களிடம் எல்லாமே அன்லிமிடெட் என்றது. அவளுக்கு பஸ் ஸ்டாண்டு மெஸ் ஞாபகம் வந்தது. பலகையில் அளவில்லாச் சாப்பாடு. மூன்றாம் தடவை சோறு கேட்டால் பரிமாறுகிறவனுக்குக் காது கேட்காது.

மூன்றாவது இருபது நிமிஷம் வாயே திறக்கவில்லை. இரண்டு பேர் வந்து ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு வந்தது. பதினைந்து நாள் திறந்திருக்கும். அப்புறம் மூடிவிடுவோம். அறுபது நாள் வரை எதையும் அழிக்க மாட்டோம். அடுத்த வருஷம் இரண்டு மடங்கு ஆகும், இப்போதே சொல்லிவிடுகிறோம்.

"என்ன இவன், மூஞ்சில அடிச்ச மாதிரி பேசறான்."

"இவன்தாங்க்கா."

சேலைக்கு மேல் போட்டிருந்தது எட்டியப்பனின் சட்டை. பையிலிருந்து இடது கையால் நோட்டுகளை எடுத்து வைத்தாள்.

பழைய இடத்திலிருந்து புது இடத்துக்குச் சாமான் போனது. போகிறவரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எதையும் நினைக்கவில்லை. மெஷின் வெளிச்சம் சுவரில் போய்ப் போய் வந்தது.

நாலரைக்குத் திறந்தது.

பதினொரு போட்டோ. பலகை. தேதி.

நூர்ஜகான் மூடிவிட்டுத் திறந்தாள். இன்னொரு தடவை. தன் போனிலும் திறந்தாள்.

கெட்டி.

"கஸ்டமர் எழுதற பொட்டில ஒண்ணு கிடக்குது புள்ள. யாரும் பிரிக்கல."

அவன் செத்து ஒன்பதாம் நாள் வந்தது. மாடம்பாக்கம் ரோஸ்லின் டீச்சர் எழுதியது.

அண்ணா, மாடிப்படியில் ஐந்தாவது படி டைல்ஸ் தட்டினால் சத்தம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து மாற்றித் தருகிறேன் என்றீர்கள். போனும் போகவில்லை.

படி ஒட்டிய அன்றைக்கு மழை. கலவை பத்தவில்லை. அந்தப் படிக்குக் கலவை குழைத்தவள் அவள்தான். இதுவே போதும், ஒட்டு என்று சொன்னவளும் அவள்தான்.

"பழசுதானே. அழிச்சிடவா?"

போட்டோக்களுக்குக் கீழே அவன் எழுதி வைத்தது அப்படியே இருந்தது. ஒரு கல் பொந்தாக இருந்தாலும் நானே வந்து மாற்றித் தருவேன். இப்படிக்கு, எட்டியப்பன்.

"இருக்கட்டும்கா."

தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மாடம்பாக்கம். ஐந்தாவது படி. ஒரு டைல்ஸ் பாக்கி.