உட்கார்ந்து பார்க்கிற வேலை

"அப்ப, உக்காந்து பாக்கறது யார் வேலைண்ணே?"

முப்பது வருடத்துக்கு முன்னால், ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்ச் பழுது பார்க்கப் போன தச்சரிடம் நாலாம் வகுப்பு மொட்டைத்தலை ஒன்று கேட்ட கேள்வி அது. ஆடுகிற பெஞ்சில் எழுதி எழுதி, அதன் கையெழுத்து நண்டு ஊர்ந்த மாதிரி இருந்தது.

"டேய் மொட்டை, இதை வாங்கினவங்க உக்காந்து பாக்காமலே வாங்கிட்டாங்கடா" என்று சொன்னதற்குத்தான் அப்படி ஒரு பதில் கேள்வி. தச்சர் சட்டைப் பையிலிருந்து சின்னக் கட்டை ஒன்றை எடுத்துப் பெஞ்சின் காலுக்கு அடியில் செருகினார். ஆட்டம் நின்றது.

"அந்த மொட்டை கதையை உள்ள போய் ஆரம்பிச்சிடாதீங்கப்பா" என்றாள் மகள். இப்போது அவரோடு சேர்ந்து தச்சுப் பட்டறையை நடத்துகிறவள்.

"நான் ஏம்மா சொல்லப் போறேன்?"

"பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர்கிட்டயே சொன்னீங்களே!"

இருவரும் கொள்முதல் ஆணையத்தின் நடைவழியில் காத்திருந்தார்கள். அரசாங்கம் எதை வாங்கினாலும் நியாயமாக வாங்குகிறதா என்று பார்க்கிற இடம் அது. பள்ளிகளுக்கு ஐந்நூறு பெஞ்ச் செய்யும் வேலை, ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டது. இரண்டு மாதிரிகளையும் சோதித்தோம், இரண்டும் ஒரே தரம், கம்பெனியின் விலை குறைவு என்று கல்வித் துறை எழுதிவிட்டது. அதை எதிர்த்துத்தான் தச்சரின் மனு. இந்த வேலை இல்லையென்றால் மாதக் கடைசியில் பட்டறைக்குப் பூட்டு. ஒன்பது குடும்பங்களின் அடுப்பு அதை நம்பி எரிந்துகொண்டிருந்தது.

விசாரணை அறையில் தடித்த கண்ணாடி போட்ட அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவரிடம் போனால் நியாயம் கிடைக்கும் என்று ஊரே சொல்லும். கோப்பைத் திறந்து பெயரைப் பார்த்தார். பிறகு தச்சரின் முகத்தைப் பார்த்தார். மேசை லேசாக ஆட, உருண்டோடிய பேனாவைப் பார்க்காமலேயே பிடித்தார். பழகிய கை.

"இந்த வழக்கை நான் விசாரிக்க முடியாது. எதிர் அறைக்கு மாத்துங்க" என்றார் குமாஸ்தாவிடம்.

"அம்மா... உங்களை நம்பித்தாம்மா வந்தோம்!"

"போயிட்டு வாங்க ஐயா." அடுத்த கோப்பில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் மகள் பொரிந்தாள். "முகம் குடுத்துக்கூடப் பேசலையேப்பா! கம்பெனிக்காரங்க முந்திக்கிட்டாங்க போல."

"கல் மனசும்மா அது" என்றார் தச்சர். எதற்கும் கடிந்து பேசாத மனிதர். சொன்ன உடனேயே, "கடவுளே, மன்னிச்சிடு" என்று முணுமுணுத்துக்கொண்டார்.

எதிர் அறையில் இளம் அதிகாரி ஒருவர். இரண்டு மாதிரிப் பெஞ்சுகளையும் கொண்டுவரச் சொன்னார். கம்பெனியின் பெஞ்ச் பிளாஸ்டிக் உறையோடு வந்தது. ஒட்டிய டேப் கூடப் பிரியவில்லை.

"சோதிச்சோம்னு எழுதியிருக்கீங்களே?"

"சோதிச்சோம் சார்" என்றார் கல்வித் துறை அலுவலர். "வெளியில இருந்து."

அறையில் சிரிப்பு எழுந்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "சரி, உக்காந்து பாத்தது யாரு?"

தச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதிகாரி தாமே உறையைக் கிழித்து உட்கார்ந்தார். பெஞ்ச் படகு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு தச்சரின் பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கிருந்தபடியே உத்தரவு சொன்னார். கம்பெனிக்குக் கொடுத்த ஒப்பந்தம் ரத்து. இரண்டு பெஞ்சிலும் ஒரு வாரம் பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

"உக்காந்து பாத்தாப் போதும் தம்பி. எனக்கு வேற எதுவும் வேணாம்" என்று கும்பிட்டார் தச்சர். போகிறவர் வாசலில் நின்று திரும்பினார். "தம்பி, நாலாவது படிக்கிறப்ப நீங்க மொட்டையா இருந்தீங்களா?"

"அப்பா!" மகள் அவர் கையைக் கிள்ளினாள்.

அதிகாரி தம் தலையைத் தடவிக்கொண்டார். "இல்லீங்க ஐயா, இப்பத்தான் ஆகிட்டிருக்கேன். ஏன் கேக்கறீங்க?"

"அந்தக் கேள்வியை ஒருத்தன் என்கிட்ட கேட்டிருக்கான், அதான்."

"அது என் கேள்வி இல்லீங்க, எங்க விதி. உக்காந்து பாக்காம எந்த இருக்கையும் வாங்கக் கூடாது. எதிர் ரூம் மேடம் வருஷக்கணக்கா சண்டை போட்டுச் சேத்தது."

"அந்தம்மாவா? அவங்க எங்களைத் தள்ளிவிட்டுட்டாங்களே!"

"ஒரு வழக்கிலேர்ந்து ஒதுங்கினா, காரணத்தை எழுதி வெளிப் பலகையில ஒட்டணும். அதுவும் விதிதான். படிச்சிட்டுப் போங்க."

மதியச் சாப்பாட்டு நேரம். நடைவழி காலியாகிவிட்டது. வண்டி பிடிக்க மகள் முன்னால் போயிருந்தாள். பலகையில் புதிதாக ஒட்டிய தாளுக்கு முன்னால் நின்று, கண்ணைச் சுருக்கி எழுத்துக் கூட்டினார் தச்சர்.

'மனுதாரருக்கு நான் கடன்பட்டவள். நாலாம் வகுப்பில் என் பெஞ்சின் ஆட்டத்தை நிறுத்திக் கொடுத்தவர் அவர். பேன் தொல்லைக்கு மொட்டையடித்திருந்ததால், என்னைப் பையன் என்றே நினைத்துவிட்டார். நான் தீர்ப்பு சொல்லி அவர் ஜெயித்தால், அவர் பெஞ்ச் நல்ல பெஞ்ச் என்று யாரும் நம்பமாட்டார்கள்.'

தச்சர் இரண்டு பக்கமும் பார்த்தார். அந்த அம்மாளின் ஆளில்லாத அறைக்குள் போய், மேசைக்கு அடியில் மண்டியிட்டு, சட்டைப் பையிலிருந்து சின்னக் கட்டை ஒன்றை எடுத்துச் செருகினார். எழுந்து, மேசைமேல் இருந்த பேனாவை ஓரமாக வைத்துப் பார்த்தார், அது உருளவில்லை.